நான் திரும்ப வாங்கிய டி.சி.

போன மாதம் எங்கள் பழைய கம்பெனிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இனிமேல் டி.சி.யில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லையாம். சோதனை இயந்திரமே எண்களை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். அது காகிதத்தின் மூலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் அடித்துக் கொடுக்கும். வாங்குகிறவர் அதைப் போனில் காட்டிப் பார்த்துக்கொள்வார். கீழே எல்லாரும் கைதட்டுகிற படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். கைதட்ட வேண்டிய விஷயம்தான். என் வலது மணிக்கட்டைக் கேட்டால் இன்னும் பலமாகத் தட்டியிருக்கும்.

ஆனால் நான் போட்ட அத்தனை கையெழுத்துகளில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கியிருக்கிறேன். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த பாதிப் பேர் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முனிரத்தினம் அண்ணனை வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்றும், நான் முதலாளியிடம் அழுதேன் என்றும் ஒரு கதை ஓடுகிறது. இரண்டும் பொய். நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் டி.சி. என்பதை விளக்க வேண்டும். என் வாழ்க்கையில் இந்த இரண்டெழுத்து எத்தனை வேஷத்தில் வந்திருக்கிறது என்று எண்ணினால் எனக்கே சிரிப்பு வருகிறது. பொன்னேரிக்குப் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைமையாசிரியை வாரத்துக்கு ஒரு முறையாவது, "டி.சி. கிழிச்சிக் கையில குடுத்துருவேன்" என்பார். கடைசியில் அதை ஒழுங்காக எழுதி, முத்திரை வைத்து, வாழ்த்திக் கொடுத்ததும் அவர்தான்.

பிறகு கல்லூரிக்கும் வேலைக்கும் போனபோது கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் டி.சி. என்றால் கறுப்புக் கோட்டு. "டி.சி. ஏறிக்கினாருடி" என்று ஒரு குரல் வந்தால் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவோம். வைத்திராதவர்களுக்குத் திடீரென்று வாசல் பக்கம் காற்று வாங்கத் தோன்றும்.

தொழிற்பேட்டைக்குள் நுழைந்த முதல் நாளே நான்கு டி.சி.களைக் கேட்டேன். உலை ஆட்கள், "டி.சி. பூட்ச்சி, வேற மாட்டு" என்றார்கள். அது உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெப்பக் கம்பி. சூடு எவ்வளவு என்று வெளியே முள்ளில் காட்டும். கடைசல் பட்டறையில் டி.சி. உடைந்துவிட்டது என்றால் வெட்டுளியின் கெட்டியான முனை உடைந்துவிட்டது. வெல்டிங் பக்கம் போனால் ஏ.சி.யா டி.சி.யா என்று மின்சாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். கேண்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது, "அவனுக்கு டி.சி. குடுத்துட்டாங்களாமே" என்றால் யாருக்கோ வேலை போயிருக்கிறது. இதில் யாருக்கும் எப்போதும் குழப்பம் வந்ததில்லை. சொல்கிறவர் எந்தப் பட்டறைக்காரர் என்று பார்த்தால் போதும்.

குழப்பம் வந்தது என் மாமியாருக்குத்தான். கல்யாணமான புதிதில் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கு, "கம்பெனில டி.சி. எழுதுறா" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். அடுத்த ஜூன் மாதம் இரண்டு பேர், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று சிபாரிசுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

நான் எழுதிய டி.சி. சோதனைச் சான்றிதழ். எங்களுடையது எஃகை உருக்கி அச்சில் ஊற்றி உருப்படிகள் செய்கிற வார்ப்பாலை. ஒவ்வொரு முறை உருக்குவதற்கும் ஓர் எண் உண்டு. அந்த உருக்கில் பிறந்த ஒவ்வொரு உருப்படியின் உடம்பிலும் அந்த எண்ணைச் சுத்தியலால் குத்திவிடுவோம். அதே உருக்கில் பென்சில் மாதிரி நீளமாகச் சில கம்பிகளும் ஊற்றுவோம். அவற்றுக்கு டி.சி. பார் என்று பெயர். உருப்படிகளை மறுபடி உலையில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துப் பதமாக்கும்போது பாரும் கூடவே போக வேண்டும். வெளியே வந்ததும் பாரை இயந்திரத்தில் பிடித்து, அறும்வரை இழுப்போம். எந்த இழுப்புக்கு அறுந்தது, எவ்வளவு நீண்டது, எவ்வளவு கடினம் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் டி.சி. உருப்படியை யாரும் அறுத்துப் பார்க்க முடியாது; அறுத்தால் விற்க முடியாது. ஆகவே அதற்காகப் பார் அறுபடும்.

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பட்டம் எந்த உதவிக்கும் வரவில்லை; உருக்கு வில்லைகளைச் சாணைக் கல்லில் தேய்த்து மினுக்கும் வேலைதான். அடுத்த சில வருடங்கள் கண்ணாடிக் குழாயும் அமிலமும். அப்புறம் பொறி பறக்கவைத்து அரை நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிடும் இயந்திரம் வந்தது. கை தேறியதும் டி.சி. எழுதும் மேசைக்கு வந்தேன். அந்த மேசைக்கு எதிரில் சம்பத் சார் இருந்தார்.

சம்பத் சார் எங்கள் தரப் பிரிவின் தலைவர். திருவள்ளூர் டவுன்காரர். அவருடைய வீட்டில் மற்ற எல்லாருக்கும் கோயில் கைங்கரியம். இவர் ஒருவர்தான் தப்பித்து இரும்புக்கு வந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். காலையில் நெற்றியில் மெல்லிசாகத் திருமண் இருக்கும். உலைப் பக்கம் ஒரு சுற்று வந்தால் பத்து மணிக்கெல்லாம் வியர்வையில் பாதி கரைந்திருக்கும். சத்தம் போட மாட்டார். தப்புச் செய்தவரிடம் "அப்படியா" என்று மட்டும் கேட்பார். அந்த "அப்படியா"வுக்குப் பயந்து நான் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் எதையும் அவர் முன்னால் வைப்பேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேசையில் உட்கார்ந்து எந்த டி.சி.யிலும் கையெழுத்துப் போட மாட்டார். காகிதத்தை எடுத்துக்கொண்டு உருப்படிகள் அடுக்கியிருக்கும் முற்றத்துக்குப் போவார். நானும் கூடப் போக வேண்டும். "நீ வாசி, நான் பாக்கறேன்" என்பார். நான் காகிதத்தில் இருக்கும் எண்ணை வாய்விட்டு வாசிப்பேன். அவர் குனிந்து உருப்படியின் மேல் குத்தியிருக்கும் எண்ணை விரலால் தடவிப் பார்த்து "ஆச்சு" என்பார். வரிசை முழுதும் முடிந்ததும், "இப்ப நான் வாசிக்கறேன், நீ பாரு" என்று காகிதத்தை வாங்கிக்கொள்வார். மறுபடியும் முதலிலிருந்து. அதற்குப் பிறகுதான் ஏதாவது ஓர் உருப்படியின் மேலேயே காகிதத்தை வைத்து நின்றபடி இரண்டு கையெழுத்து. என்னுடையது இடது பக்கம், அவருடையது வலது பக்கம்.

வெயிலில் இரட்டை வேலை என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த இரண்டாவது சுற்றின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். பெரிய மனிதர்கள் சொல்வதைச் சரியா தப்பா என்று நின்று பார்க்கிற இடத்தில் அவரை யாரும் நிறுத்தியதில்லை. இங்கே ஒருவர் தினமும் என்னைக் கூப்பிட்டு, நான் வாசிப்பது சரிதானா என்று நீ பார் என்கிறார். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சம்பத் சார் ஓய்வு பெறுவதற்கு இருபத்தாறு நாள் இருந்தது. முதலாளி அவர்மேல் உண்மையான மரியாதை வைத்திருந்தவர். விழாவுக்கு அழைப்பிதழே அடித்துவிட்டார். அதில், "முப்பத்தொரு வருடப் பணியில் ஒரு டி.சி.கூடத் திரும்பி வராத பெருமைக்குரியவர்" என்று தங்க எழுத்தில் ஒரு வரி. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. டி.சி. திரும்பி வருவது என்றால் நீ எழுதியது பொய் என்று ஊர் சொல்வது.

அந்த வாரம்தான் உருப்படிகளின் உடம்பிலேயே வைத்துக் கடினம் பார்க்கிற கையடக்கக் கருவி ஒன்று புதிதாக வந்தது. அதுவரை பெரிய உருப்படிகளின் கடினத்தை நாங்கள் நேராகப் பார்த்ததில்லை. பாரில் பார்ப்பதோடு சரி. பழகிப் பார்க்கலாம் என்று முற்றத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு காது தனியாகக் கிடந்தது.

காது என்று நாங்கள் சொல்வது பாரந்தூக்கும் வளையம். பாலத்துக்குக் கான்கிரீட் உத்தரம் தூக்கி வைக்கிற ஒரு கம்பெனி இருபத்து நான்கு காதுகள் கேட்டிருந்தார்கள். தூக்கும் சட்டத்தில் அவற்றைப் பொருத்திக் கிரேன் கொக்கியை மாட்டுவார்கள். நாங்கள் இருபத்தைந்து ஊற்றினோம். ஒன்றில் மேலே சிறு பொத்தல் இருந்ததால் அதை நிறுத்திவிட்டு மற்றவற்றை டி.சி.யோடு முந்தின நாள்தான் அனுப்பியிருந்தோம். திங்கட்கிழமை முதல் உத்தரம் மேலே போகிறது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்று வியாழன்.

அந்த மிச்சக் காதில் கருவியை வைத்தேன். இருநூறுக்கு மேல் காட்ட வேண்டும். நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது.

புதுக் கருவி, எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். மேல் தோலைச் சாணை பிடித்து வழுவழுப்பாக்கி மறுபடி வைத்தேன். நூற்று அறுபது. கருவியோடு வந்த அளவுக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். கட்டையில் பொறித்திருந்த எண்ணையே சரியாகக் காட்டியது. ஆய்வகத்துக்குப் போய், இழுத்து அறுத்த டி.சி. பாரின் மிச்சத் துண்டை எடுத்து அதில் வைத்தேன். இருநூற்றுப் பதினெட்டு. என் டி.சி.யில் நான் எழுதியிருந்ததும் அதுதான். பார் சரியாக இருந்தது. அதே உருக்கில் பிறந்து, அதே உலையில் காய்ந்து, அதே தண்ணீரில் விழுந்த காது மட்டும் சரியாக இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். நேராகப் பதமாக்கும் உலைக்குப் போனேன்.

அந்த உலைக்குப் பொறுப்பு முனிரத்தினம் அண்ணன். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறியவர். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். என் பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்த நாளில் கேட்டிலேயே நின்று, "கொயந்த எப்டிக்கீது?" என்று முதலில் கேட்டவர் அவர்.

"ண்ணா, இந்தக் காதுங்கள எப்டி அடுக்கினீங்க?" என்று கேட்டேன்.

"மூணு அடுக்கும்மா. அவசரம்னாங்க, ஒரே தபாவுல உள்ள வுட்டுட்டேன்."

"பார எங்க வச்சீங்க?"

"உம் பாரா?" அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "அத்த எப்பவும் டி.சி. பக்கத்துலதாம்மா வைப்பேன். அந்தக் கம்பி நீட்டிக்கினுகீதே, அதுக்கு நேர் கீழ. அங்கதான் சூடு கரீக்டா இருக்கும். காதோட கட்டி வுட்டா எங்கியாவது அடியில பூந்து வேவாம கெடக்கும். அப்புறம் ஃபெயில் ஆவும், சார் கைல நீ பேச்சு வாங்குவ. இன்னாத்துக்கு அந்த பேஜாரு?"

"எவ்ளோ நாளா இப்டி?"

"நீ டி.சி. எழுத வந்த நாள்லேர்ந்து. எங்க நைனா மேல சத்தியம், ஒரு தபாகூட மாத்தி வச்சதில்ல."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்மேல் வைத்த பாசத்தில் பதினான்கு வருடம் அவர் என் பாருக்கு உலையின் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். நானும் சம்பத் சாரும் பாரின் எண்ணைப் பார்த்தோம், காதின் எண்ணைப் பார்த்தோம், இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம். உலைக்குள் பார் எங்கே உட்கார்ந்திருந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவர் செய்ததைவிட நான் பார்க்காதது பெரிய தப்பு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

முன்பெல்லாம் ஒரே வரிசையாக அடுக்குவோம். அப்போது உலைக்குள் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே சூடு. இதெல்லாம் முடிந்த பிறகு நாங்கள் பழைய மிச்ச உருப்படிகள் எல்லாவற்றையும் தேடித் தேடிக் கருவி வைத்துப் பார்த்தபோது அவை சரியாகவே இருந்தன. இந்த முறை மூன்று அடுக்கு, போதாததற்குப் பின்பக்கத் தீக்குழல் ஒன்று பத்து நாளாக மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அடியில் இருந்தவை வேகவில்லை. அப்படி வேகாத காதுகளில் கிரேன் கொக்கியை மாட்டப் போகிறார்கள். கீழே ஆட்கள் நிற்பார்கள்.

சம்பத் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டையில வச்சுப் பாத்தியோ?"

"பாத்தேன் சார்."

"பார்ல?"

"பாத்தேன் சார். இருநூத்திப் பதினெட்டு."

"அப்படியா" என்றார்.

அவரே வந்து காதில் வைத்துப் பார்த்தார். ஐந்து இடத்தில். பிறகு உலைக்குப் போய் முனிரத்தினம் அண்ணனிடம் சாக்பீஸைக் கொடுத்து, எது எங்கே இருந்தது என்று தரையில் வரைந்து காட்டச் சொன்னார். அண்ணன் உட்கார்ந்து வரைந்தார். பாதி வரையும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாக்பீஸ் நின்றுவிட்டது.

"சார், நான் வேணும்னு..."

"தெரியும். வரைஞ்சு முடிங்கோ."

முடித்தார். சம்பத் சார் அந்தப் படத்தைக் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டார். நாங்கள் முதலாளி அறைக்குப் போனோம்.

முதலாளி கெட்டவர் அல்ல. டி.சி.யையும் காதுகளையும் திரும்ப வாங்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் தொழில் நடத்துகிறவருக்கு உடனே வருகிற கேள்விதான் அவருக்கும் வந்தது.

"இந்த டி.சி.ல இருக்கற நம்பர்ல எதுனா ஒண்ணு பொய்யா?"

"இல்லை சார்" என்றேன். உண்மை. ஒவ்வொரு எண்ணும் என் கண் முன்னால் இயந்திரம் காட்டியது.

"அப்புறம் இன்னாத்துக்கு அதத் திரும்ப வாங்கணும்? செக் பண்ணணும்னு சொல்லிக் காதுங்கள மட்டும் கொண்டாரலாமே. பேப்பர் பாட்டுக்கு இருக்கட்டும்."

சம்பத் சார் எங்கள் பிரதியை மேசையில் விரித்தார். "நம்பர் எதுவும் பொய்யில்லை. அடியில பொடி எழுத்துல ஒரு வரி அச்சடிச்சிருக்கோம். முப்பத்தொரு வருஷத்துல நான் அதை வாசிச்சதே கிடையாது. இன்னிக்கு வாசிச்சேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: மேற்கண்ட முடிவுகள் இதில் குறிப்பிட்ட வார்ப்புகளுக்குப் பொருந்தும் என்று சான்றளிக்கிறோம். "இது பொய்யாப் போச்சு."

மேசை ஓரத்தில் அழைப்பிதழ்க் கட்டு இருந்தது. முதலாளியின் கை அதன்மேல் போயிற்று.

"சரி. திரும்ப வாங்கற லெட்டர்ல" என்று என்னைக் காட்டி, "கிரேஸ் மட்டும் கையெழுத்துப் போடட்டும். தயார் பண்ணினது அவங்கதானே. உங்க பேரு வேணாம் சார். இன்னும் இருபத்தாறு நாளுதான்."

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சத்தியமாக எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எனக்கு இன்னும் பதினைந்து வருடம் இருந்தது. கெட்ட பேரை வேலை செய்து கழுவிக்கொள்ளலாம். அவருக்கு அந்த அவகாசம் இல்லை. "நானே போட்டுடறேன் சார்" என்றேன்.

சம்பத் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு என்மேல் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"நீ வாசிச்சே. நான் பாத்தேன். அப்புறம் நான் வாசிச்சேன், நீ பாத்தே. குடுக்கறச்சே ரெண்டு கையெழுத்துன்னா வாங்கறச்சேயும் ரெண்டுதான். ஒரு கையெழுத்தை மட்டும் எப்படித் திரும்ப வாங்குவே?"

கடிதத்தை அங்கேயே எழுதினோம். அனுப்பிய டி.சி.யை ரத்து செய்கிறோம்; இருபத்து நான்கு காதுகளையும் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பவும். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார். நான் இடது பக்கம் போட்டேன். அவர் வலது பக்கம் போட்டார். அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததும் அன்றுதான்.

மறுநாள் காலை வேனில் நாங்கள் இருவருமே போனோம். தபாலில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்றார். மீஞ்சூர் தாண்டி ஒரு பெரிய மைதானத்தில் உத்தரங்கள் வரிசையாகக் கிடந்தன. தூக்கும் சட்டத்தில் ஆறு காதுகளை ஏற்கெனவே பொருத்திச் சிவப்பு வண்ணம்கூட அடித்துவிட்டிருந்தார்கள். பொறுப்பான எஞ்சினியர் கடிதத்தைப் படித்தார். திருப்பியும் படித்தார்.

"இன்னா சார் இது? நாங்க ஒண்ணும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலியே."

"பண்ணலை. பண்றதுக்கு முன்னாடி வந்துட்டோம்" என்றார் சம்பத் சார்.

எஞ்சினியர் கத்தினார். திங்கட்கிழமைக்கு ரோட்டை மறிக்க அனுமதி வாங்கிவிட்டோம், கிரேன் வருகிறது, நீங்கள் இப்போது வந்து நிற்கிறீர்கள் என்று அவர் கத்தியதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. நாங்கள் நின்று கேட்டுக்கொண்டோம். அவர் ஓய்ந்ததும் நான் கருவியை எடுத்தேன். ஒவ்வொரு காதிலும் வைத்து எண்ணை வாசித்தேன். சம்பத் சார் எழுதினார். பதினைந்து தேறின. ஒன்பது தேறவில்லை. அந்த ஒன்பதில் இரண்டு, சிவப்பு வண்ணம் அடித்தவை.

எஞ்சினியர் அந்த இரண்டையும் உடனே கழற்றச் சொன்னார். பிறகு உள்ளே போய் எங்கள் டி.சி.யை எடுத்துவந்து கொடுத்தார். கூடவே ஒரு நாற்காலியும் கொண்டுவரச் சொன்னார், சம்பத் சாருக்கு.

"நல்லா இருக்கற பதினஞ்ச வுட்டுட்டுப் போங்களேன் சார்" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுவும் வரட்டும். பொருந்தாத பேப்பரோட வந்ததெல்லாம் திரும்பி வரட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் அவர் பையிலிருந்து எனக்குரிய அழைப்பிதழை எடுத்தார். தங்க எழுத்து வரியின் மேல் பேனாவால் நேராக ஒரு கோடு போட்டு, "குடும்பத்தோட வந்துடு" என்று கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் கோடு போட்டுக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வேனில் அழுகை வந்தது. முதலாளி அறையில் அல்ல. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இடத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

வேகாத எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மறுபடி சரியாகக் காய்ச்சித் தோய்த்தால் சரியாகிவிடும். சனிக்கிழமை பின்பக்கத் தீக்குழலைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். காதுகளை ஒரே வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அடுக்கினார்கள். அதே உருக்கில் ஊற்றிய பார் இன்னொன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானே உலைக்குப் போனேன்.

முனிரத்தினம் அண்ணன் என் கையிலிருந்த பாரைத் தொட மறுத்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி போன் செய்து சொல்லியிருந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நீயே வச்சிக்கம்மா. என் கை வோணாம்."

"எனக்கு இந்த ஒலயப் பத்தி இன்னா தெரியும்? நீங்கதான் வைக்கணும்."

"எங்க வைக்கச் சொல்ற?"

"இதுக்குள்ள எது மோசமான எடம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம இன்னா?"

"அங்க வைங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பாரை வாங்கிக்கொண்டார். இன்னும் சூடேற்றாத உலைக்குள் குனிந்து நுழைந்து, பின்பக்கம் இடது மூலைவரை போனார். அவர் குரல் செங்கல்லில் பட்டு வந்தது.

"இங்கதாம்மா. இந்த மூலலதான் எதுவும் சீக்கிரத்துல வேவாது."

"அங்கியே வைங்கண்ணா."

"ஃபெயில் ஆயிட்ச்சின்னா?"

"ஆனா மறுபடியும் வேக வைப்போம்."

பாரைச் செங்கல் தரையில் வைக்கிற ஒலி கேட்டது. வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு கதவை இறக்கினார்.

அந்தப் பார் இருநூற்றுப் பதினொன்று காட்டியது. காதுகள் இருபத்து நான்கிலும் கருவியை வைத்துப் பார்த்தோம். எல்லாம் அதற்கு மேலேயே இருந்தன. நான் வாசித்தேன், சம்பத் சார் பார்த்தார். அவர் வாசித்தார், நான் பார்த்தேன். பிறகு நான் ஓய்வு பெறும் வரை போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் அந்த இடது மூலையில் வெந்து வந்ததுதான்.